காளவாயில் போன கல்

தீவுக் கிராமமான சரவணையில் பெரியபுலத்து அம்மன் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் குடிபுகுந்து பதினொரு வருஷமும் ஏழு மாசமும் ஆகியிருந்தது. ஊரில் மாட்டுக்குக்கூட ஓடு போட்டுவிட்டார்கள். அம்மனுக்கு மட்டும் கிடுகு. மாரி வந்தால் ஒழுகும், சோளகக் காற்று வந்தால் பறக்கும். கொட்டிலுக்குப் பக்கத்தில் நெஞ்சளவு உயரத்தில் நாலு சுவர் நின்றது. அதுதான் புதுக்கோயில். உள்ளே எருக்கலை முளைத்திருக்க, யாரோ ஆடு கட்டியிருந்தார்கள்.

இதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் உயிரோடு இருந்தார் என்றால் அது கோயில் மனேச்சர் ஆழ்வாப்பிள்ளைதான். வயது அறுபத்திரண்டு. விடியக் குளித்து, வீபூதி பூசி, திறப்புக்கோர்வையை இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். கொட்டிலுக்கு ஏது கதவு, ஏது பூட்டு? இருந்தாலும் திறப்பு வரும். எந்தக் கோயிலுக்கு மனேச்சர் என்று பஸ்சில் பகிடி விட்டவர்களும் உண்டு. அவர் காதில் விழாத மாதிரி இருந்துகொள்வார். பாவம், விழாமல் என்ன!

1980ஆம் ஆண்டு ஆவணி மாசம், ஒருநாள் காலைப் பூசை முடிந்ததும் குருக்கள் தட்டை வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மனேச்சர், நான் ஒளிச்சுக் கதைக்கேல்லை. பழைய கோயிலை இடிக்க முதல் அம்மனைச் சிலையிலயிருந்து இந்த அத்திப்பலகையில இறக்கி வைச்சது ஒரு தையில. வாற தையோட பன்னிரண்டு வருஷம் முடியுது. அதுக்குள்ள கோயிலைக் கட்டிக் கும்பாபிஷேகம் செய்யவேணும். தாண்டிச்சுதெண்டால் பலகையில நிக்கிறவவைத் திரும்பச் சிலையில ஏத்துற வழி எனக்குத் தெரியாது. எங்கட அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்காது."

"அப்ப அம்மன்?"

"பலகைதான். பலகை உளுக்குமட்டும்."

குருக்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆழ்வாப்பிள்ளை அத்திப்பலகையைப் பார்த்தார். அதில் எழுதிய அம்மனின் ஒரு கண் ஏற்கெனவே மங்கியிருந்தது. சிலையோ கொட்டிலின் பின்பக்கத்தில் பழந்துணி மூடிக்கொண்டு, வெறும் கல்லாக நின்றது. கோயில் யாருக்கு உரித்து என்று ஒன்றுவிட்ட தம்பி மார்க்கண்டுவோடு நடக்கிற வழக்கு ஆவணி கடைசியில். அதில் வென்றால் ஐப்பசியில் வேலை தொடங்கலாம், ஓடி முடித்தால் தைக்குள் கலசம் வைக்கலாம். தோற்றால் ஒன்றும் இல்லை. அவருக்காக வழக்குப் பேசுகிற அப்புக்காத்து அதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார்: "எழுத்தில ஏதாவது கொண்டு வாரும் ஓய். இல்லாட்டில் நீரும் மார்க்கண்டரும் செத்தபிறகுதான் உந்த வழக்கு முடியும்."

இனி அந்தப் பழைய கோயிலைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது.

பறங்கிகள் வருமுன் அங்கே பெரிய கோயில் ஒன்று இருந்ததென்றும், அவர்கள் அதை இடித்துக் கல்லை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார்களென்றும் ஊர்ப்பேச்சு. அம்மனைக் கிணற்றுக்குள் இறக்கி, மண் போட்டு மூடி, மேலே சாமை விதைத்து மறைத்தார்களாம். ஒல்லாந்தர் காலம் முடியும் தறுவாயில் ஆழ்வார் என்ற ஒருவர் கிணற்றைத் தோண்டி அம்மனை எடுத்துக் கோயில் கட்டினார். கருங்கல்லுக்கு எங்கே போவது? தீவில் கிடைத்தது முருகைக்கல் என்கிற பவளப்பாறைதான். கடலில் உடைத்த கல்லை மூன்று மாரி நனையவிட்டு உப்பைப் போக்கி, சுண்ணாம்பும் பனங்கட்டித் தண்ணீரும் குழைத்த சாந்தில் அடுக்கினார்கள். சுவர் மூன்று அடி தடிப்பு. கர்ப்பக்கிருகத்தின் கூரைக்கு மரமும் இல்லை, கம்பியும் இல்லை. கல்லையே உள்ளுக்கு வளைத்துக் கூடாக்கி, அதன்மேல் மூன்று தட்டில் சின்ன விமானம் எழுப்பியிருந்தார்கள். வாசல் நல்ல பதிவு. கும்பிட மனமில்லாதவனும் குனிந்துதான் உள்ளே பார்க்கவேண்டும். வெளியே பங்குனி வெயில் பொரித்தாலும் உள்ளே குளிர்ந்துபோய் இருக்கும். அதே பங்குனியில் இரண்டு நாள், சூரியன் எழும்பும்போது வெளிச்சம் மூன்று வாசலையும் தாண்டி நேரே போய் அம்மனின் பாதத்தில் விழும். அந்த இரண்டு நாளும் காலையில் தீபம் காட்டுவதில்லை. சூரியனே காட்டட்டும் என்று ஐயர் தட்டை வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பார்.

அர்த்தமண்டப வாசலுக்கு வலப்பக்கம் ஒரு தட்டைக்கல் பதித்திருந்தது. அதுவும் முருகைக்கல்தான், எழுத்து வெட்டிய கல். என்ன எழுதியிருக்கிறது என்று சரவணையில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: வேலாயுதர் மகன் ஆழ்வார் இந்தக் கோயிலைக் கட்டித் தன் சந்ததிக்கு வைத்தார். ஆனால் கண்ணால் வாசித்தவர் ஒருவரும் இல்லை. வருஷா வருஷம் திருவிழாவுக்கு முதல் கோயிலுக்கு வெள்ளை அடிப்பார்கள், அந்தக் கல்லுக்கும் சேர்த்து. அத்தனை வருஷத்து வெள்ளையும் விரல் தடிப்பில் ஏறி எழுத்தை மூடிக்கொண்டது. வெள்ளையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போவதுதான் வழக்கம்.

இப்படிப்பட்ட கோயிலை இடிக்க எப்படி மனம் வந்தது என்று கேட்பீர்கள். வந்தது, என்ன செய்ய! விமானத்தில் வெடிப்பு விட்டு ஒழுகியது. எல்லா ஊரிலும் சீமெந்து ஏறிக்கொண்டிருந்தது. நயினாதீவுக்குப் போய்வரும்போதெல்லாம் அங்கத்தைய கோபுரம் ஆழ்வாப்பிள்ளையின் கண்ணுக்குள்ளேயே நின்றது. எங்கட அம்மன் மட்டும் ஏன் குனிஞ்சு பார்க்கிற வீட்டில இருக்கவேணும் என்று கேட்கத் தொடங்கினார். அவருடைய சிறியதகப்பன் மகன் மார்க்கண்டுவும் அப்போது அவரோடுதான். இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் ஊரூராகத் திரிந்து திருப்பணிக்கு ஆள் சேர்த்தார்கள்.

1969 தையில் அம்மனைக் கொட்டிலுக்கு எடுத்தார்கள். இடிக்கிற கல்லை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. வெளியே விட்டால் யாராவது கிணற்றடிக்கும் கக்கூசுக்கும் கொண்டுபோய்விடுவார்கள். அம்மனின் கல்லில் கால் படும். ஆழ்வாப்பிள்ளைதான் வழி சொன்னார். ஒரு கல்லும் வளவை விட்டு வெளியே போகக்கூடாது. அவ்வளவையும் காளவாயில் போட்டுச் சுட்டால் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பு புதுச் சுவருக்கு. "அம்மன்ர வீடு அம்மன்ர வீட்டுக்கே" என்றார். ஐயர் தலையாட்டினார். ஊர் மெச்சியது. பெண்கள் அந்த இடத்திலேயே கண்ணீர் விட்டார்கள். முதல் கல்லைத் தூக்கிக் கொடுத்ததே மார்க்கண்டுதான்.

காளவாய் போட வந்தவர் பக்கத்து ஊர் சுருவில் இன்னாசித்தம்பி. கடல் தொழிலாளி, சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். சோளகம் தூக்கிக் கடலுக்குப் போக ஏலாத மாசங்களில் சுண்ணாம்பு சுடுவார். கோயிலுக்கு வெள்ளை அடிக்கத் தகப்பன் காலத்திலிருந்து சுண்ணாம்பு கொடுத்ததும் அந்தக் குடும்பந்தான். வைகாசியில் தொடங்கி, பின்வளவில் அடுக்கு அடுக்காகக் கல்லும் விறகும் போட்டு எரித்தார்.

ஒருநாள் அவர் ஆழ்வாப்பிள்ளையைக் கூப்பிட்டார். எழுத்துக்கல் நிலத்தில் கிடந்தது. சுவர் இடிக்கிற அலவாங்கு பட்டு இரண்டாக வெடித்திருந்தது. அத்தனை வருஷத்து வெள்ளையும் ஓடு மாதிரிக் கழன்று விழுந்து, உள்ளேயிருந்து வரி வரியாக எழுத்து வந்திருந்தது.

"ஐயா, இதில எழுத்துக் கிடக்குது. இதையும் போடுறதோ?"

ஆழ்வாப்பிள்ளை குனிந்து பார்த்தார். பழங்காலத்து எழுத்து. ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

"உடைஞ்சுபோச்சு. பின்னமான கல்லைத் திரும்ப வைக்கப்படாது. அதில என்ன கிடக்கெண்டு ஊருக்கே பாடம். போடும்."

இன்னாசித்தம்பி இன்னொருதரம் கேட்டார். இவர் இன்னொருதரம் சொன்னார்.

காளவாய் எரிந்து ஆறாம் மாசமே வினை வந்தது. அத்திவாரம் எழும்பி, சுவர் நெஞ்சளவு வந்தபோது, புதுக்கோயிலில் பதிக்கிற கல்லில் யாருடைய பெயர் என்ற கதை எழும்பியது. இரண்டு பெயரும் போடவேண்டும் என்று மார்க்கண்டு கேட்டார். நியாயமாகத்தான் கேட்டார், அவரும் உழைத்தவர். ஆழ்வாப்பிள்ளை விடவில்லை.

"ஆழ்வார் கட்டினது. மூத்த பரம்பரை நாங்கள். எங்கட பேர்தான்."

"மூத்த பரம்பரை எண்டு ஆர் சொன்னது?"

"கல்லு சொல்லுது."

"எந்தக் கல்லு அண்ணை?" என்றார் மார்க்கண்டு.

அவ்வளவுதான். ஒரே சைக்கிளில் போனவர்கள் வழக்குப் போட்டுக் கோட்டுக்கு வேறு வேறு பஸ்சில் போனார்கள். வேலையை நிறுத்தச் சொல்லித் தடை வந்தது. வாங்கி அடுக்கிய சீமெந்து சாக்குக்குள்ளேயே இறுகிக் கல்லாகியது. எழுத்தில் ஆதாரம் உண்டா என்று நீதிபதி கேட்டபோது, கல்வெட்டு இருந்தது ஐயா என்றார் ஆழ்வாப்பிள்ளை. எங்கே என்று கேட்டார்கள். சுட்டுச் சுண்ணாம்பாக்கிப்போட்டம் என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பக் கேட்டார். கோடு முழுக்கச் சிரித்தது. மார்க்கண்டு மட்டும் சிரிக்கவில்லை, குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குருக்கள் போன அன்று ஆழ்வாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நப்பாசை வந்து நெஞ்சில் குந்திக்கொண்டது. இன்னாசித்தம்பி ஏன் இரண்டுதரம் கேட்டவன்? மனமில்லாமல்தானே கேட்டான்? போடாமல் எங்காவது எடுத்து வைத்திருந்தால்? பதினொரு வருஷமாக இதை யோசிக்காமல் விட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு, மத்தியான வெயிலிலேயே சைக்கிளைச் சுருவிலுக்கு மிதித்தார்.

இன்னாசித்தம்பி பூவரசு நிழலில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"வாங்கோ மனேச்சர் ஐயா! றோசம்மா, அந்தக் கதிரையைக் கொண்டா."

ஆழ்வாப்பிள்ளை கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே கேட்டார்.

"இன்னாசித்தம்பி, உண்மையைச் சொல்லும். அந்த எழுத்துக்கல்லை நீர் போடேல்லைத்தானே?"

இன்னாசித்தம்பி ஊசியைக் கீழே வைத்தார். "போட்டனான் ஐயா."

"சும்மா சொல்லுறீர். நான் கோவிக்கமாட்டன். கோட்டில உம்மட பேரும் வராது. எங்க வைச்சிருக்கிறீர்?"

"ஐயா, ரெண்டுதரம் கேட்டனான், ரெண்டுதரமும் போடெண்டியள். அதுக்குப் பிறகும் மனம் கேளாமல் பின்னேரம் மட்டும் காளவாயடியில வைச்சிருந்தனான், நீங்கள் திரும்பி வந்து கேப்பியளெண்டு."

"வந்தனான்தானே! பின்னேரம் வந்தனானெல்லோ!"

"வந்து என்ன சொன்னனியள்? இன்னும் உதைப் போடேல்லையோ, உம்மை வைச்சு வேலை செய்விச்சால் கோயில் எழும்பினமாதிரித்தான் எண்டு பேசினியள். நீங்கள் பார்த்துக்கொண்டு நிக்கத்தான் போட்டனான்."

ஆழ்வாப்பிள்ளைக்கு அது நினைவு வந்தது. வராமல் இருந்திருக்கலாம். இப்போது கதிரையில் இருந்தார். றோசம்மா கொண்டுவந்த தேத்தண்ணி கையிலேயே ஆறியது.

"ஒளிச்சு வைச்சிருக்கலாந்தான்," என்றார் இன்னாசித்தம்பி. "வேதக்காரன் அம்மன்ர கல்லைக் களவெடுத்து வைச்சிருக்கிறான் எண்டு ஒரு கதை வந்தால், நான் பிறகு உங்கட பக்கம் தலைகாட்டேலுமோ? உங்கட கல்லு, உங்கட சாமி. நீங்கள் சொன்னால் நான் என்ன சொல்லுறது?" பிறகு ஆறுதல் சொல்லுகிறவர் மாதிரி, "கல்லு ஒரு இடமும் போகேல்லை ஐயா. உந்தச் சுவருக்குள்ளதானே இருக்குது," என்றார்.

ஆழ்வாப்பிள்ளை எழும்பிச் சைக்கிளைப் பிடித்தார். அப்போதுதான் பின்னாலிருந்து இன்னாசித்தம்பி கேட்டார்:

"ஐயா, முந்தி ஒரு வாத்தியார் வந்து கோயிலை அளந்து எழுதினவரெல்லோ? ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ. நான் வெள்ளைக்குச் சுண்ணாம்பு கொண்டுவந்தபோது கண்டனான். நிலத்தில படுத்துக்கிடந்தெல்லாம் எழுதினார். அவர் உந்த எழுத்தை எழுதாமலோ விட்டிருப்பார்?"

கனகசபை வாத்தியார்! ஆழ்வாப்பிள்ளைக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வேலணையிலிருந்து வந்தவர். நாலு சனிக்கிழமை வந்தார். நூலும் அடிமட்டமும் கொண்டு வாசல், தூண், விமானம் என்று ஒன்றும் விடாமல் அளந்தார். இவர்தான் வீட்டிலிருந்து அவருக்குப் பால்த்தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தார். அவ்வளவு அளந்த மனிதன் கல்லை விடுவாரா? விடவேமாட்டார். அம்மா தாயே என்று வெளியிலேயே வாய்விட்டுச் சொன்னார். இன்னாசித்தம்பியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வாத்தியார் செத்துப் பல வருஷம். மகள் சத்தியபாமா நயினாதீவில் கலியாணம் முடித்து இருக்கிறாள் என்று விசாரித்து அறிந்து, அடுத்தநாளே குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறினார். வழமையாக நடுக்கடலிலேயே எழும்பி நின்று கோபுரத்தைப் பார்க்கிறவர், அன்று இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. மனசுக்குள் அம்மனுக்கு ஒரு தேர் நேர்ந்துகொண்டு இருந்தார்.

சரவணைக் கோயில் விஷயமாக வந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். சத்தியபாமா நாற்பதைத் தாண்டியவள், நல்ல பிள்ளை. அலுமாரியைத் திறந்து, எண்ணெய்த்துணியில் சுற்றிய நீட்டுக் கொப்பி ஒன்றை எடுத்துவந்தாள்.

"அப்பா இதை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டார். நீங்கள் கோயில் ஆக்கள் எண்டபடியால் பாருங்கோ ஐயா."

ஆழ்வாப்பிள்ளை முதல் தாளைப் புரட்டினார். கோயில் இருந்தது. இடித்துச் சுட்ட கோயில் கல்லுக் கல்லாக அங்கே இருந்தது. சுவரின் தடிப்பு, வாசலின் உயரம், உள்வளைவின் ஒவ்வொரு அடுக்கு, மூன்று தட்டு விமானம். பங்குனியில் எந்த இரண்டு நாளில் வெயில் உள்ளே வருகிறது, எத்தனை நிமிஷம் பாதத்தில் நிற்கிறது என்பதுகூட எழுதியிருந்தது. இவர் விரலை வைத்துப் பார்த்துப் பார்த்துத் தாளைப் புரட்டினார்.

கடைசியில் அர்த்தமண்டப வாசல் வந்தது. வலப்பக்கத்தில் எழுத்துக்கல்லின் இடம். அளவாகக் கோடு கீறி, நாலு பக்கமும் அளவு போட்டிருந்தது. கோட்டுக்குள் ஒன்றும் இல்லை. வெறும் தாள். கீழே வாத்தியாரின் மணி மணியான எழுத்தில் இப்படி இருந்தது:

"கல்வெட்டு. தடவினால் எழுத்து இருப்பது கைக்குத் தெரிகிறது. பன்னிரண்டு வரி இருக்கலாம். சுண்ணாம்பை நீக்கினால் வாசித்துவிடுவேன். மனேச்சரைக் கேட்டேன். தங்கள் பரம்பரை பூசிய வெள்ளையில் கைவைக்கக்கூடாது, அதில் உள்ளது ஊருக்கே பாடம் என்றார். நாலு சனிக்கிழமையும் கேட்டேன், சம்மதிக்கவில்லை. இன்னொருநாள் மனம் மாறுவார். கல் எங்கே போகப்போகிறது?"

ஆழ்வாப்பிள்ளை அதை இரண்டாம்முறை வாசிக்கவில்லை.

"சாகுமட்டும் அப்பாவுக்கு அந்தக் கல்லின்ர நினைப்புத்தான்," என்றாள் சத்தியபாமா. "அந்த மனேச்சர் இப்ப இருக்கிறாரோ ஐயா?"

"இருக்கிறார்."

முற்றத்தில் கோழியொன்று கொக்கரித்துக்கொண்டு ஓடியது. அது ஓயுமட்டும் இருந்துவிட்டு, "நான்தான் பிள்ளை," என்றார்.

அவள் முகம் மாறியது. ஆனாலும் நல்ல பிள்ளை. கொப்பியை அவர் பக்கம் தள்ளினாள். "அளவெல்லாம் கிடக்குதே ஐயா. கொண்டுபோங்கோ. பழையமாதிரியே திருப்பிக் கட்டலாமெல்லோ?"

"ஆரின்ர கோயிலெண்டு தீருமட்டும் ஒரு கல்லு வைக்கவிடமாட்டினம் பிள்ளை. தீர்க்கிறதுக்கு இருந்த கல்லைத்தான் நான்..." கொப்பியை எண்ணெய்த்துணியில் சுற்றி, அவளிடமே கொடுத்தார். "உன்னட்டை இருக்கட்டும். என்னட்டை இருந்தால் இதையும் என்ன செய்வனோ தெரியாது."

பொழுது சாய்கிற நேரம் சரவணைக்கு வந்து சேர்ந்தார். வீட்டுக்குப் போகாமல் நேரே கோயில் வளவுக்குள் போனார். அந்த நெஞ்சளவுச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். எழுத்துக்கல் எந்த இடத்தில் கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால் நாலு சுவரையும் தடவித் தடவி முழுக்கச் சுற்றிவந்தார். கட்டியிருந்த ஆடு அவரைப் பார்த்துக் கத்தியது.

வீட்டில் மனைவி கமலாதேவி முற்றத்தில் கால்நீட்டி இருந்து கொட்டிலுக்குக் கிடுகு பின்னிக்கொண்டிருந்தாள். பதினொரு வருஷமாக ஒவ்வொரு ஆவணியும் அவள்தான் பின்னுகிறாள். கூலிக்குப் பின்னிய கிடுகு அம்மனுக்கு ஏறக்கூடாது என்று அவளுக்கு ஒரு நேர்த்திக்கடன்.

"கிடைச்சுதோ?" என்று தலை நிமிராமல் கேட்டாள்.

"கொப்பி கிடைச்சுது."

கை நின்றது. நிமிர்ந்தாள். அப்படி ஒரு வெளிச்சம் அவள் முகத்தில் வந்து எத்தனை காலம்! "என்ன எழுதிக்கிடக்கு?"

"நான் வாசிக்கவிடேல்லை எண்டு எழுதிக்கிடக்கு."

கமலாதேவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசுவாள் என்று இவர் எதிர்பார்த்தார். மண்ணை வாரித் தூற்றினால்கூட நெஞ்சு கொஞ்சம் ஆறியிருக்கும். அவளோ முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டுக் குனிந்து, விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கினாள்.

"மாரிக்கு முதல் மேற்குப் பக்கக் கூரை மாத்தவேணும்," என்றாள் பிறகு. "உந்த ஓலை காய்ஞ்சுபோச்சு, பின்ன ஏலாமல் முறியுது. கொஞ்சம் தண்ணி ஊத்தி விடுங்கோ."

ஆழ்வாப்பிள்ளை திறப்புக்கோர்வையை எடுத்துக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, தண்ணீர் அள்ளி ஓலைக்கு ஊற்றினார்.